67-ஆ, 70-ஆ? இதுவா இப்போதைய கேள்வி?

சர்ச் விவகாரத்தைப் பொதுவில் எழுதக்கூடாது என்று எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வராதே தம்பி" என்பார்கள் பெரியவர்கள். வீதிக்கு நான் கொண்டு வரவில்லை ஐயா. அது சென்னை உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து டெல்லி போய், எல்லாப் பேப்பரிலும் வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. சபைக்குள் மட்டும்தான் இன்னும் அதைக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். பிழைப்பு மெல்போர்னில், ஆடிட் வேலை. அதனால் இதில் பிரசங்கம் எதிர்பார்க்காதீர்கள். முழுக்கக் கணக்கு விவகாரம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. சி.எஸ்.ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்த சபை. உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தையும் சேர்த்து 24 பேராயங்கள். உறுப்பினர்கள் சுமார் 40 லட்சம் என்று சபையே சொல்கிறது. இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருப்பது சினாட். பேராயர்கள், ஆயர்கள், சபை மக்களின் பிரதிநிதிகள் சேர்ந்த மன்றம் அது. தலைவருக்குப் பெயர் பிரதமப் பேராயர்.

எங்கள் பக்கத்தில் சபையின் வேர் 1947க்கும் ரொம்ப முந்தையது. ஸ்கடர் சகோதரர்கள் 1853ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஆரம்பகால ஊர்களில் சித்தூரும் ஒன்று. அப்போது சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது, தனி மாவட்டமானது 1911ல்தான். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு காதில் தமிழும் ஒரு காதில் தெலுங்கும் விழும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆடிட்டில் முதல் பாடம், தேதிகளை வரிசையாக எழுதுவது. கருத்து எல்லாம் பிறகு.

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. கோவிலும் மசூதியும் சர்ச்சும் மூடியாச்சு. அந்த வருடப் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் செல்போன் திரையில் போயின. வழிபாட்டுத் தலங்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தது ஜூன் 8 முதல்.

2021 ஏப்ரல் 13 முதல் 17 வரை. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருக்கும்போது சி.எஸ்.ஐ தென்கேரளப் பேராயம் மூணாறில் ஆயர்களுக்குத் தியானக் கூட்டம் நடத்தியது. வந்தவர்கள் 300 பேருக்கு மேல். அடுத்த சில வாரங்களில் பல ஆயர்களுக்குத் தொற்று, மரணங்களும் நடந்தன. விதிமுறைப்படிதான் நடத்தினோம் என்றது சபைத் தரப்பு. தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அந்தப் பேராயத்தின் பேராயர் தர்மராஜ் ரசாலம்தான் அப்போது சினாட்டுக்கே பிரதமப் பேராயர். 2020 ஜனவரியில் தேர்வானவர்.

2021 மே 10. திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, டேங்கர் வந்து சேர்வதற்குள் 11 நோயாளிகள் இறந்தார்கள். அது அரசு சொன்ன எண்ணிக்கை. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது.

2022 மார்ச் 7. சினாட்டின் சிறப்புக் கூட்டம் கூடுகிறது. சிறப்புக் கூட்டம்! இரண்டு வருடம் ஊரே செத்துப் பிழைத்த பிறகு கூடும் கூட்டம். என்ன பேசினார்கள்? சபைச் சட்டத்தில் திருத்தம். அதில் ஊரெல்லாம் பேசிய திருத்தம் எது? ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக்குவது.

2023 ஜனவரி. சினாட் தேர்தல். அதே பிரதமப் பேராயர் மறுபடியும். திருத்தம் செல்லுமா, தேர்தல் செல்லுமா என்று வழக்கு.

2024 ஏப்ரல் 12. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஓய்வு பெற்ற நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், வி. பாரதிதாசன் இருவரையும் நிர்வாகிகளாகப் போட்டு, சினாட் தேர்தலை அவர்கள் நடத்தட்டும் என்றது. அங்கிருந்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இதுதான் வரிசை. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இப்போது நீங்களே சொல்லுங்கள். இந்தப் பட்டியலைப் பார்க்கும் வெளி ஆள், இந்தச் சபை பெருந்தொற்றிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று எழுதுவான்?

70 என்ற எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. இங்கிலாந்தில் பேராயர்கள் 70ல்தான் ஓய்வு பெறுகிறார்கள். எண்பதிலும் சுறுசுறுப்பாக இருக்கும் ஆயர்களைப் பார்த்திருக்கிறேன், நாற்பதிலேயே தூங்கி வழிபவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கேள்வி வேறு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே நாற்காலியின் ஆயுளை நீட்டும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாமா? அமெரிக்க அரசியல் சட்டத்தில் 27வது திருத்தம் என்று ஒன்று உண்டு. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அமலுக்கு வரும். 1789ல் முன்மொழிந்து, 1992ல் போய் ஏற்கப்பட்டது. அரசியல்வாதிகளுக்கே அப்படி ஒரு கூச்சம் இருக்கிறது. அங்கியும் சிலுவையும் போட்டவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டாமா?

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கூட்டம் எதையெல்லாம் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பது.

கிராமத்து சபையின் வரவு எப்படி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வாராவாரம் காணிக்கைப் பை, மாதச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, கல்யாணம் காட்சி, வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். வாங்கியவரே மறுபடி ஏலத்துக்கு விட, அது இன்னொரு ஐந்நூறுக்குப் போகும். கடலைக்காய் மூட்டை, நாட்டுக்கோழி, புளி என்று வந்து சேரும். அதிலிருந்து பேராயத்துக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்டினால்தான் சம்பளப் பட்டியல் நகரும். டவுன் சபைக்கு யூடியூபும் கூகுள் பேயும் இருந்தன. வெளிநாட்டிலிருந்து எங்களைப் போன்றவர்கள் அனுப்பிய பணமும் இருந்தது. கடலைக்காய்க் காட்டு நடுவில் நாற்பது குடும்பம் உள்ள சபைக்கு எது இருந்தது? பை சுற்றவில்லை என்றால் வரவு இல்லை. வரவு இல்லை என்றால் உபதேசியார் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். சர்ச் கூட்டுகிற அம்மாவுக்கு அந்தச் சில்லறையும் இல்லை.

அந்த ஆயரும் உபதேசியாரும்தான் அந்த நாட்களில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சொந்தக்காரர்களே கிட்ட வரப் பயந்த சடலத்துக்கு முன்னால் நின்று ஜெபித்தார்கள். தொற்று வந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப் போனவர் வீட்டுக்கு என்ன கொடுத்தோம்? பிள்ளைகள் படிப்பு என்ன ஆயிற்று? ஆயர் குடியிருப்பைக் காலி செய்ய எத்தனை மாதம் அவகாசம் கொடுத்தோம்? பெருந்தொற்றுக்குப் பிந்தைய சிறப்புக் கூட்டம் என்றால் முதல் தீர்மானம் இதைப் பற்றித்தானே இருக்க வேண்டும்?

நம் முன்னோர்கள் இப்படி இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமே. காசநோய் கொத்துக் கொத்தாக ஆளைத் தூக்கிய காலத்தில் பல மிஷன்கள் சேர்ந்து, 1915ல் மதனப்பள்ளி பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியத்தைத் திறந்தன. 2022ல் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை மதனப்பள்ளி எங்கள் சித்தூர் மாவட்டம்தான். நோய் வந்தது, சபைகள் சேர்ந்தன, ஆஸ்பத்திரி வந்தது.

இன்னொன்று. 1918ல் வந்த ஃப்ளூ இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த அலை ஓய்ந்தும் ஓயாத 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். 31 பேர் இந்தியர்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, தெலுங்கு தேசத்துக்குப் போய், 1912ல் தோர்ணக்கல் பேராயராகி, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்று பெயர் வாங்கியவர். ஃப்ளூவால்தான் கூடினார்கள் என்று நான் கதை விடவில்லை. ஆனால் அத்தனை சாவுக்குப் பிறகு கூடியவர்கள் பேசியது, பிரிந்து கிடக்கும் சபைகளை எப்படி ஒன்றாக்குவது என்பதை. அங்கே தொடங்கிய பேச்சு 28 வருடம் நடந்து 1947ல் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று போய்ச் சேர்ந்துவிட்டார். தான் உட்காரப்போகாத நாற்காலிக்காக உழைத்த மனிதர்.

1919ல் பெருந்தொற்றுக்குப் பின் கூடியவர்களையும் 2022ல் கூடியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வேறு விமர்சனமே எழுத வேண்டியதில்லை.

இப்போது எங்கள் பக்கத்து மலைக்குப் போவோம். கோவிலோடு சர்ச்சை ஒப்பிடாதே என்று சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை, படட்டும்.

திருமலையிலும் 2020 மார்ச் 20 முதல் தரிசனம் நின்று, பொது பக்தர்களுக்கு ஜூன் 11ல்தான் திறந்தார்கள். உண்டியல் வற்றிப்போன அந்த மே மாதத்தில், தேவஸ்தானத்தின் 50 சொத்துகளை ஏலம் விடப்போவதாகச் செய்தி வந்தது. அதில் 23 தமிழ்நாட்டில். பக்தர்கள் போட்ட சத்தத்தில் சில நாட்களிலேயே அரசு நிறுத்தி வைத்தது, மே 28ல் போர்டே கூடி இனிச் சொத்தை விற்பதில்லை என்று தீர்மானம் போட்டது. பேச்சு அதோடு முடியவில்லை. மொத்தம் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. 2022 செப்டம்பரில் தேவஸ்தானம் வெளியிட்டது: 960 சொத்துகள், 7,123 ஏக்கர், மதிப்பு 85,705 கோடி ரூபாய். அதே நவம்பரில் வெள்ளை அறிக்கை வந்தது. வங்கிகளில் சுமார் 15,900 கோடி ரூபாய், 10 டன்னுக்கு மேல் தங்கம்.

தேவஸ்தானம் யோக்கிய சிகாமணி என்று நான் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் போர்டு உறுப்பினர்கள் போதாதென்று 50 பேரைச் சிறப்பு அழைப்பாளர்களாக ஆந்திர அரசு போட, உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பெருந்தொற்று முடிந்ததும் நாற்காலி ஞாபகம் எல்லோருக்கும் வரும் போலிருக்கிறது :-) ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே முடி காணிக்கை கொடுத்துவிட்டு ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிற சாதாரண பக்தர்கூட, சாமிக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்ல முடியும். இங்கே ஞானஸ்நானம் வாங்கி, திடப்படுத்தல் வாங்கி, ஐம்பது வருடம் சந்தா கட்டிய என் உறவுக்காரர்களிடம், நம் சபைக்கு எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். கையை விரிப்பார்கள்.

சபைச் சொத்துகளை வைத்திருப்பது சி.எஸ்.ஐ டிரஸ்ட் அசோசியேஷன். 1947லேயே கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. "கம்பெனி என்றால் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் ஆகும், வேறென்ன வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். ஆடிட்டர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பதிவாளரிடம் காகிதம் கொடுப்பது சட்டக் கடமை. பூசணிக்காயை ஐந்நூறுக்கு எடுத்தவரிடம் சொல்வதுதான் கணக்கு ஒப்புவிப்பது. நான் இங்கே போகும் சபை ரொம்பச் சின்னது. ஞாயிறு அறுபது தலை எண்ணினால் அதிகம். வருடாந்தரக் கூட்டத்தில் கரண்ட் பில், காபித்தூள் செலவு வரைக்கும் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். யாரும் அதனால் விசுவாசத்தை விட்டு ஓடிவிடவில்லை.

எனக்கு வழக்கமாக வரும் மூன்று பதில்கள் உண்டு. மூன்றையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று: "விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகலாமா? பவுல் கொரிந்தியருக்கு என்ன எழுதினார்?" சரிதான் ஐயா. ஆனால் பவுல் அதே இடத்தில், உங்களுக்குள் வழக்குத் தீர்க்க ஒரு விவேகியும் இல்லையா என்ற பொருளில்தானே கேட்கிறார்? வெளியே போனவனைத் திட்டும் முன், உள்ளே கேட்க ஆள் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு: "முறுமுறுக்கக் கூடாது." அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ஆதிச் சபையில் முதல் முறுமுறுப்பே நிவாரணப் பங்கீட்டைப் பற்றித்தான். கிரேக்கு பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போகவில்லை என்று புகார். ஒரே சபையில் இரண்டு மொழிக்காரர்கள், ஒரு பக்கத்துக்குக் குறைவு. சித்தூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? புகார் சொன்னவர்களைச் சபை நீக்கம் செய்யவில்லை. எல்லோரையும் கூட்டி, நற்பெயர் உள்ள ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். பந்தி விசாரிப்பைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளவும் இல்லை. முறுமுறுப்பிலிருந்து பிறந்ததுதான் நம்முடைய முதல் நிர்வாகக் கமிட்டி.

மூன்று: "காலம் சரியில்லை, எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்." காலம் சரியில்லை என்பது உண்மை. அதனால்தான் கேட்கிறேன். மூடி வைத்த கணக்கைவிடப் பெரிய ஆயுதத்தை எதிரிக்கு யாரும் கொடுக்க முடியாது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் நம் வீட்டுத் தேர்தலை நடத்த வேண்டும் என்ற உத்தரவு வரும் நிலைக்கு எந்த எதிரி கொண்டு வந்தான்?

இந்தச் சபையால் நல்லது செய்ய முடியாது என்று நான் நினைத்திருந்தால் இவ்வளவு எழுதவே மாட்டேன். 2013ல் எங்கள் ராயலசீமைப் பக்கம், நந்தியால் பேராயத்துக்கு புஷ்ப லலிதா அம்மாவைப் பேராயராக்கியது இதே திருச்சபைதான். இங்கிலாந்துச் சபை தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது அதற்குப் பிறகு, 2015ல். தைரியம் வேண்டிய இடத்தில் நம்மால் முடிந்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை நான்குதான்.

முதலாவது, 2020, 2021, 2022 மூன்று வருடங்களுக்கும் பேராயம் வாரியாக ஒரு பக்கக் கணக்கு: வந்த நிவாரணம் எவ்வளவு, யாருக்குப் போனது, ஆயர் உபதேசியார் சம்பளம் எத்தனை மாதம் நின்றது. சபை அறிவிப்புப் பலகையில், அந்தந்த ஊர் மொழியில்.

இரண்டாவது, தொற்றில் இறந்த ஆயர்கள், உபதேசியார்கள், சபை ஊழியர்கள் பெயர்ப் பட்டியல். குடும்பத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதும் பக்கத்திலேயே. போர்வீரனுக்குக் கல் வைக்கிறோம், இவர்களுக்கு ஒரு தாளாவது வையுங்கள்.

மூன்றாவது, சொத்துப் பட்டியல். மலை மேல் 960 என்று எண்ண முடிந்தால் ராயப்பேட்டை சினாட் அலுவலகத்திலும் எண்ண முடியும்.

நான்காவது, பதவியில் இருப்பவருக்கு ஆதாயம் தரும் எந்தத் திருத்தமும் அடுத்து வருபவருக்குத்தான் அமலாகும் என்று சபைச் சட்டத்திலேயே ஒரு வரி.

நீதிமன்றம் தேர்தலைச் சரி செய்யலாம், தேதியைச் சரி செய்யலாம். மேலே சொன்ன நான்கில் ஒன்றைக்கூட எந்த நீதிபதியும் நமக்காகக் கேட்கப்போவதில்லை. அவருக்கு அது வேலையும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் வேலூரிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டம் எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்கிற நாம்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சபைப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்து, "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும் வழக்கம்போல் கையைத் தூக்காதீர்கள். எழுந்து நின்று, மரியாதையாக, "ஐயா, கோவிட் வருடக் கணக்கைக் கொஞ்சம் வாசிக்க முடியுமா?" என்று கேளுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ, எதில் வேண்டுமானாலும். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் உட்காராதீர்கள்.